ஓவர்சியர் வளர்த்த கிருமிகள்

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் கிருமிகளைக் கொன்று சம்பளம் வாங்கியவர். மலாக்கா டவுனில் சுகாதார ஓவர்சியர். காக்கிச் சட்டை, சைக்கிள், சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிய பினாயில் டின். தெங்கேராவில் ஆரம்பித்து புக்கிட் பாரு வரைக்கும் அவர் மருந்து ஊற்றாத சாக்கடை கிடையாது. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் ஜனங்கள் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியை மூடுவார்கள். காப்பிக் கடைக்காரர் காப்பியை வைத்துவிட்டு, இவர் எப்போது எழுந்து போவார் என்று பார்த்துக்கொண்டே நிற்பார். இவர் காப்பியைக் குடித்து முடித்ததும் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார், அதனால்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, தான் கிருமி வளர்க்கப் போவதாகச் சொன்னார். நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு, காய்ச்சலா என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் அது. அவருடைய ஆபீஸில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத பழைய சாமான்களை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாராம். ஒருவருக்கு மேசை விளக்கு கிடைத்தது. ஒருவருக்கு நாய் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கட்டு விஞ்ஞானப் பத்திரிகைகள். நாய் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நான் பின்னால் பல தடவை நினைத்ததுண்டு.

அந்தக் கட்டில் ஒரு கட்டுரை. சுரங்கத்தில் தோண்டி எடுத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று கொட்டிய மண்மேட்டிலும் கொஞ்சம் செம்பு ஒட்டிக்கொண்டிருக்குமாம். மனுஷனால் அதைப் பிரிக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜாதிக் கிருமி இருக்கிறதாம். அது சோறு தண்ணி கேட்காது, கல்லையே தின்னும். தின்று தின்று தண்ணீரைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்புத் தண்ணீரில் செம்பு கரைந்து வரும். அதில் பழைய இரும்பைப் போட்டால் செம்பு முழுவதும் இரும்பின்மேல் வந்து படிந்துவிடும். இதையெல்லாம் அவர் சாப்பிடாமல் நின்றுகொண்டே எனக்குச் சொன்னார். இப்போது எத்தனையோ நாட்டில் இது பெரிய தொழிலாக நடக்கிறது என்று பேப்பரில் படிக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும், குழம்பு கருகியதுதான் தெரிந்தது.

"நாடே புதுசா ஆரம்பிக்குது. நான் மட்டும் ஏன் பழைய சாக்கடையிலேயே நிக்கணும்?" என்று கேட்டார்.

அவருக்குப் பழக்கமான சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒருவர் இருந்தார். ஜாசின் பக்கம் அவருடைய ஈயச் சுரங்கம் மூடிக் கிடந்தது. ஈயத்தை அலசி எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணல், அமாங் என்பார்கள், அங்கே குன்றாகக் குவிந்திருந்தது. அதில் மஞ்சளாக மினுமினுக்கும் பொடியெல்லாம் செம்பு கலந்த கல் என்று இவருடைய கணக்கு. தவுக்கே நான்கு சாக்கு மணலைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். குப்பையைக் கேட்டு வருகிற அரசாங்க உத்தியோகஸ்தரை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

கிருமி? அதுவும் அங்கேதான் கிடைத்தது. குன்றின் அடியில் தேங்கிக் கிடந்த செந்நிறத் தண்ணீரை ஒரு சோடா பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன அது என்று கேட்டதற்கு, "குடும்பம்" என்றாராம். இதைப் பெருமையாக வந்து என்னிடமே சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்களுக்குக் காஜா பெராங்கில் ஆபீஸ் குவார்ட்டர்ஸ். பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தில் என் கத்தரிச் செடி இரண்டைப் பிடுங்கிவிட்டு மரப் பீப்பாய் ஒன்றை வைத்தார். மணலைக் கொட்டி, தண்ணீரை நிரப்பி, பாட்டிலைக் கவிழ்த்தார். கிருமிக்குக் காற்று வேண்டும் என்று சைக்கிள் பம்பின் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, காலையில் இருநூறு தடவை, சாயங்காலம் இருநூறு தடவை அடிப்பார். தண்ணீர் களக் களக் என்று கொதிப்பது போலிருக்கும். அடித்து முடித்து மேல்மூச்சு வாங்க நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், கல்யாணத்தன்றைக்குக்கூட எனக்கு அது கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே கலந்துவிட்ட சிட்டி வம்சத்து அம்மாள் ஒருவர் இருந்தார். எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர், ஆனால் சரோங்கும் கெபாயாவும்தான் கட்டுவார், பேச்செல்லாம் மலாய்தான், நடுவில் தமிழ் ஒன்றிரண்டு வந்து விழும். அந்த அம்மாள் வேலிக்கு மேலாக இரண்டு நாள் பார்த்துவிட்டு, உன் புருஷன் ஏன் பீப்பாய்க்குக் காற்றடிக்கிறான், பஞ்சராகிவிட்டதா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆபீஸ் பழக்கம் விடுமா? கிருமிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். தேதி, நேரம், வெயில், மழை, கடைசியில் குறிப்பு. ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். "அனைவரும் நலம்" என்று இருந்தது. அடுத்த நாள், "உற்சாகம் குறைவு. மழை காரணம்." பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று நான் சத்தம் போடக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார். கிருமிக்குக் காது ஏது என்று கேட்டால், இல்லை என்று யார் நிரூபித்தது என்று கேட்பார். தண்ணீர் புளிக்கிறதா என்று பார்க்க ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். பச்சைத் தண்ணீரை மூன்று தடவை கொதிக்க வைக்காமல் எனக்கு ஒரு வாய் குடிக்கக் கொடுக்காத மனுஷர்! எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க வராது. அன்றைக்கு அவருக்கு ரசம் வைக்கவில்லை. புளிப்பு வேண்டுமானால் பீப்பாயில் குடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் புளிப்பு நாமே கொடுத்தால் கிருமிக்குத் தெம்பு வரும், உன் சமையல்கட்டில் புளித்தது ஏதாவது மிஞ்சினால் வீணாக்காமல் பீப்பாயில் ஊற்று என்றார்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் பித்தளை, செம்பு எல்லாம் இறங்கிவிடும். குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு, என் அம்மா வீட்டுச் சீரில் வந்த இரண்டு செம்புக் குடம். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் கறுத்தது பச்சையாக வழிந்து உள்ளே இருக்கிற சிவப்பு வெளியே வரும். அந்தப் புளித்தண்ணீரை வழக்கமாக வாசல் பக்கம் கொட்டுவேன். அந்த வாரத்திலிருந்து பீப்பாயில் கொட்டினேன். கேட்டார், கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு கள்ளமும் இல்லை, சத்தியமாக.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு சனிக்கிழமை காலை. பீப்பாய்க்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய இரும்புக் கத்தியை வெளியே எடுத்தார். பாதிக் கத்தி சிவந்து செம்பாக மின்னியது. அப்படியே கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே சமையல்கட்டுக்கு ஓடி வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, என்னைக் காப்பாற்ற அம்மி குழவியோடு வேலியைத் தாண்டிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்துக் காப்பி கொடுக்க அரைமணி நேரமானது. அந்த அரைமணியும் இவர் அந்தம்மாளிடம் கத்தியை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் குழவியைக் கீழே வைக்கவே இல்லை.

எனக்கும் பெருமைதான். என் புருஷன் கல்லிலிருந்து செம்பு எடுத்துவிட்டார் என்று கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன்.

அந்தப் பெருமை அடுத்த வெள்ளிக்கிழமை வரை நின்றது. அன்றைக்கு விளக்குத் தேய்த்த புளித்தண்ணீர்ச் சட்டியில் என் கரண்டி ஒன்று, இரும்புக் கரண்டி, தவறி விழுந்து கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்தால், கரண்டி சிவந்திருந்தது. அவருடைய கத்தியைப் போலவே. அந்தச் சட்டியில் கிருமியும் இல்லை, சுரங்கத்து மணலும் இல்லை. என் குடமும் என் விளக்கும் கரைந்த தண்ணீர்தான் இருந்தது.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆக, இத்தனை நாளாக அந்த மனுஷர் காற்றடித்து வளர்த்த செம்பு, என் கல்யாணக் குடம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பின்பக்கம் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது, கூடவே அவர் பாடுகிற சத்தமும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் பாடி நான் கேட்டதில்லை. குரல் நன்றாகவும் இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம் என்று எழுந்தவள், அதை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்தேன். அவர் சந்தோஷமாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

மறைத்ததோடு விட்டேனா? அதுதான் இல்லை. செம்பு குறைந்தால் அவர் முகம் வாடிவிடும் என்று, வெள்ளிக்கிழமை மட்டும் தேய்த்தவள் செவ்வாய்க்கிழமையும் தேய்க்க ஆரம்பித்தேன். எங்கள் பாத்திரம் பத்தவில்லை. பளபளவென்று ஆன பாத்திரத்திலிருந்து என்ன கரையும்? பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய், உங்கள் பித்தளைத் தட்டு, வெற்றிலைச் செல்லம் எல்லாம் கறுத்துக் கிடக்கிறதே, கொடுங்கள், தேய்த்துத் தருகிறேன் என்றேன். அவர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய தங்கை வீட்டுப் பாத்திரங்களும் வந்தன. எங்கள் கம்போங் குடியிருப்பு முழுக்க என்னைப் பற்றி நல்ல பேர். விரலெல்லாம் புளி அரித்து வெடித்து, சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். இத்தனை தேய்ப்பு எதற்கு என்று இவர் ஒரு நாள் கேட்டார். நவராத்திரி வருகிறதே என்றேன். நவராத்திரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை, கத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் அந்த நாட்களின் குறிப்பு: "மிகவும் சுறுசுறுப்பு. குறிப்பாகச் செவ்வாய், வெள்ளி. காரணம் ஆராய வேண்டும்."

ஏழு வாரம் இப்படி ஓடியது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் தவுக்கேயைப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். தவுக்கே கத்தியைப் பார்த்தாராம், குன்று முழுவதையும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் கொடுக்கப் போகிறார்.

வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். இன்னும் சில வருஷம் இருந்தால் வரவேண்டிய பென்ஷன் போகும். நாற்பது தாண்டிய மனுஷர், கிருமி இல்லாத பீப்பாயை நம்பி, ஒரு கறுப்பு மணல் குன்றின்மேல் போய் உட்காரப் போகிறார். அங்கே யார் வந்து குடம் தேய்த்து ஊற்றுவது?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், இத்தனை வாரம் என்னை ஏமாற்றினாயா என்று ஒரு பார்வை பார்ப்பாரே, அதை நினைத்து வாய் மூடிக்கொண்டது. மற்ற எதற்கும் மூடாத வாய். வெள்ளிக்கிழமை புளித்தண்ணீரை வாசலிலேயே கொட்டினேன். சனிக்கிழமை அவர் பீப்பாய்க்குள் புதிதாகத் தொங்கவிட்ட ஆணியை எடுத்துப் பார்த்தார். ஆணி ஆணியாகவே இருந்தது. சரி, இனி யோசிப்பார் என்று நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் ஆணியைத் திரும்பக் கட்டிவிட்டு, கிருமிக்கும் லீவு வேண்டாமா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பாசாருக்கு மீன் வாங்க நடந்தே போனார். சைக்கிள் வாசலில் நின்றது, பினாயில் டின் அதில் இருந்தது. நான் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை அவிழ்த்தேன். பின்பக்கம் போய் அரை டின்னைப் பீப்பாயில் கவிழ்த்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அதற்குள் உண்மையிலேயே ஏதாவது உயிர் இருந்திருக்குமோ என்னவோ. எல்லாம் செத்துவிட்டது என்றால் கடிதம் கொடுக்க மாட்டார், நான் எதுவும் சொல்லவும் வேண்டாம். அவ்வளவுதான் என் புத்தி போன தூரம்.

அவர் மீனோடு வந்தார். பம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். பம்பைக் கீழே வைத்தார். அப்புறம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் போச்சு. வெயில் தாங்கல போல," என்றார்.

தெரு முனையில் யாராவது பினாயில் டின்னைத் திறந்தால், எந்தக் கடைச் சரக்கு, எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று வாசனையிலேயே சொல்கிற மனுஷர். வெயில் என்றார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்திவிட்டுப் போயிருப்பேன். காப்பி டம்ளரை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன். வெயிலாவது மண்ணாங்கட்டியாவது, ஊற்றியது நான்தான் என்றேன். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. புளித்தண்ணீர், குடம், கரண்டி, பக்கத்து வீட்டு வெற்றிலைச் செல்லம், செவ்வாய்க்கிழமை, எல்லாம் சொன்னேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கரண்டியை எடுத்து அவர் மடியில் போட்டேன். நடுவில் அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பினாயில் நீதான்னு தெரியும். புளி தெரியாது," என்றார்.

தெரிந்தும் ஏன் வெயில் என்றீர்கள் என்று கேட்டேன்.

"கொலைன்னு எழுதுனா விசாரணை வைக்கணும். வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு வாரமாகப் பக்கத்திலேயே இருந்த விரல்கள், அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனே என்றார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. வுட்டுருப்பீங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனுஷர், அதை யாரும் மறுக்க முடியாது. "மாட்டேன்," என்றார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மீனை ஆய்ந்து தருகிறேன் என்று எழுந்து போனார். நான் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஜெயித்தவளுக்கு ஒரு சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. வீடு தப்பியது, பென்ஷன் தப்பியது, நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல் காக்கியை மாட்டிக்கொண்டு, டின்னை நிரப்பிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"இன்னிக்குத் தெங்கேராவுல பெரிய லோங்காங்குச் சாக்கடையில மருந்து ஊத்தப் போனேன். டின்னத் தூக்கிட்டு நின்னேன், கை வரல. அதுக்குள்ளயும் ஏதோ வேல பாத்துக்கிட்டு இருக்குமேன்னு தோணுச்சு."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊத்திட்டேன்," என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.